கெட்டிச் சாயங்களின் வேதியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"சாயம் போகாது" என்ற சொல்லை நம்பி வாங்கிய துணி இரண்டாவது சலவையிலேயே தண்ணீரைச் சிவப்பாக்குவதும், சலவையில் துளியும் சாயம் விடாத திரைச்சீலை ஓராண்டு வெயிலில் வெளிறிப்போவதும் பலரும் கண்டவைதான். இவ்விரண்டும் ஒரே குறை என்று எண்ணுவதிலிருந்தே பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. ஆகவே அந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

சாயம் வெளுக்கிறது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது?

இரண்டில் ஒன்று நடக்கிறது. சாய மூலக்கூறு உடையாமல் அப்படியே இழையை விட்டுக் கழன்று, தண்ணீரிலோ வியர்வையிலோ உரசும் பொருளிலோ போய்ச் சேரலாம். அல்லது மூலக்கூறு இழைக்குள்ளேயே இருந்து, ஒளியாலோ ஆக்சிஜனாலோ குளோரினாலோ சிதைந்து, நிறமற்ற வேறொரு பொருளாக மாறலாம். முதலாவதைச் சாயம் இறங்குதல் என்றும் இரண்டாவதை வெளிறுதல் என்றும் இங்கே பிரித்துச் சொல்கிறேன். சாயம் இறங்காமல் காப்பது சாயத்துக்கும் இழைக்கும் இடையிலான பிடிப்பு. வெளிறாமல் காப்பது மூலக்கூறின் உள்ளமைப்பு. ஒன்றில் முதலிடம் பெறும் சாயம் மற்றதில் தோற்பது மிகச் சாதாரணம்.

ஒரு மூலக்கூறுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட தொடரில் எலக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுப்படாமல் தொடர் முழுவதும் பரவியிருக்கின்றன. தொடர் நீளநீள, அவற்றை மேல்நிலைக்கு உயர்த்தத் தேவையான ஆற்றல் குறைகிறது. அது புற ஊதாப் பகுதியிலிருந்து கண்ணுக்குப் புலப்படும் பகுதிக்கு இறங்கியதும் மூலக்கூறு நிறம் பெறுகிறது. உறிஞ்சிய நிறம் போக எஞ்சியதையே நாம் பார்க்கிறோம். இத்தொடர் எந்த இடத்தில் அறுந்தாலும் நிறம் போய்விடும். மூலக்கூறு முழுவதும் அழிய வேண்டியதில்லை.

ஒளி எவ்வாறு சாயத்தை அழிக்கிறது?

ஒளி ஒரே அடியில் பிணைப்பை உடைத்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது பெரும்பாலும் பொருந்தாது. 350 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதா ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 342 கிலோஜூல். கார்பன்-கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்கத் தேவைப்படுவதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் 600 நானோமீட்டர் ஒளியில் 200 கிலோஜூல் அளவே உள்ளது. அந்த ஒளியிலும் சாயங்கள் வெளிறத்தான் செய்கின்றன.

உண்மையில் நடப்பது இதுதான். ஃபோட்டானை உறிஞ்சிய மூலக்கூறு கிளர்வுற்ற நிலைக்குப் போகிறது. அந்நிலையில் அது சாதாரண மூலக்கூறைப் போல நடந்துகொள்வதில்லை. அருகிலுள்ள இழையிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்கலாம், ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கலாம், அல்லது தன் ஆற்றலைக் காற்றிலுள்ள ஆக்சிஜனுக்குக் கைமாற்றலாம். அவ்வாறு ஆற்றல் பெற்ற ஆக்சிஜனை ஒற்றைநிலை ஆக்சிஜன் என்கிறார்கள். இது சாதாரண ஆக்சிஜனைவிட மோலுக்கு 94 கிலோஜூல் மட்டுமே கூடுதல் ஆற்றல் கொண்டது, ஆயினும் இரட்டைப் பிணைப்புகளைத் தேடிப்போய்த் தாக்கும் இயல்புடையது. சாயம் உருவாக்கிய ஆக்சிஜனே சாயத்தை அழிக்கிறது. ஈரப்பதம் கூடியிருந்தால் இழை ஊதி, ஆக்சிஜனும் நீரும் உள்ளே எளிதாக நடமாடுவதால் பல சாயங்கள் இன்னும் வேகமாக வெளிறுகின்றன.

ஆகவே முக்கியமான கேள்வி, மூலக்கூறு எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்பதைவிட, உறிஞ்சிய ஆற்றலை எவ்வளவு நேரம் சுமந்துகொண்டிருக்கிறது என்பதே.

அப்படியானால் சில சாயங்கள் மட்டும் ஒளியைத் தாங்குவது எப்படி?

அவை ஆற்றலை விரைவாக வெப்பமாக்கி உதறிவிடுகின்றன. இதற்கு அவுரியின் நீலப்பொருளான இண்டிகோ நல்ல எடுத்துக்காட்டு. இண்டிகோ மூலக்கூறில் ஒரே மாதிரியான இரு பாதிகள் ஓர் இரட்டைப் பிணைப்பால் இணைந்துள்ளன. ஒரு பாதியின் நைட்ரஜனில் உள்ள ஹைட்ரஜன், எதிர்ப்பாதியின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்திருக்கிறது. ஒளியை உறிஞ்சியதும் அந்த ஹைட்ரஜன் ஆக்சிஜன் பக்கமாகத் தாவுகிறது. அதையடுத்து மூலக்கூறு வெப்பத்தை வெளியிட்டு அடிநிலைக்கு இறங்க, ஹைட்ரஜனும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறது. இவை அனைத்தும் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடுகின்றன. ஆக்சிஜன் வந்து சேர்வதற்குள் மூலக்கூறு அமைதியடைந்துவிடும். ஒரு சிறு ஹைட்ரஜன் அணுவின் தாவலும் திரும்பலும் ஒரு நிறத்தையே காப்பாற்றுகிறது என்பது, எத்தனை முறை எண்ணிப் பார்த்தாலும் எனக்கு வியப்பூட்டுவது.

பெரு நாட்டின் உவாகா பிரியேட்டா என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 6,000 ஆண்டுப் பழமையான பருத்தித் துணித் துண்டுகளில் இண்டிகோ இருப்பது 2016-இல் உறுதி செய்யப்பட்டது. அத்துணிகள் வெயில் படாமல் புதைந்து கிடந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தாங்கும் திறனுக்கு வேறு வழிகளும் உண்டு. மூலக்கூறு தட்டையாகவும் விறைப்பாகவும் பல வளையங்கள் ஒட்டியதாகவும் இருந்தால், உடைபடக்கூடிய மெலிந்த இடங்கள் குறைவு. எலக்ட்ரானை ஈர்க்கும் தொகுதிகள் இணைந்திருந்தால், ஆக்சிஜனேற்றத்துக்கு இடங்கொடுக்கும் எலக்ட்ரான் செறிவு குறைகிறது. இரு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் இரட்டைப் பிணைப்பால் நிறம் பெறும் அசோ சாயங்களில் இந்த உத்தி பெரிதும் கையாளப்படுகிறது.

இண்டிகோ அவ்வளவு உறுதியானது என்றால் ஜீன்ஸ் ஏன் வெளுக்கிறது?

ஜீன்ஸ் வெளுப்பதில் ஒளியைவிட உரசலுக்கே பங்கு அதிகம். இண்டிகோ தண்ணீரில் கரையாது. அதனால் முதலில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் டைதயோனைட்டும் சேர்த்து அதை ஒடுக்கி (அதாவது எலக்ட்ரான்களை ஏற்கச் செய்து), கரையும் வடிவமாக மாற்றுகிறார்கள். தொட்டியிலிருந்து நூலை வெளியே எடுக்கும் கணத்தில் அது மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து பச்சை ஓடி மறைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலம் படரும். ஆக்சிஜன் அதை மீண்டும் கரையாத இண்டிகோவாக மாற்றிவிட்டது. அது இழைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது.

ஆனால் கரைந்த இண்டிகோவுக்குப் பருத்தியின் மேல் நாட்டம் குறைவு. ஆகையால் பலமுறை முக்கி முக்கி எடுத்தாலும் நூலின் வெளிவட்டத்திலேயே நிறம் தங்குகிறது. நீல நூல் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நீல வளையமும் நடுவில் வெள்ளைக் கருவும் தெரியும். முழங்காலிலும் மடிப்பிலும் வளையம் தேய்ந்ததும் வெள்ளை எட்டிப்பார்க்கிறது. அங்கே இண்டிகோ சிதைவதைவிட உதிர்வதே அதிகம்.

வாட் சாயங்கள் என்று தனியாகச் சொல்வது எவற்றை?

மேலே சொன்னபடி ஒடுக்கிக் கரைத்து, இழைக்குள் செலுத்தி, மீண்டும் ஆக்சிஜனேற்றம் செய்து சிக்கவைக்கும் சாயங்கள் அனைத்தும் வாட் சாயங்களே. 1901-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தில் ரெனே போன் என்பவர், மூன்று வளையங்கள் ஒட்டிய ஆந்த்ரகுயினோன் என்ற சேர்மத்திலிருந்து இண்டிகோவை ஒத்த பொருளைத் தயாரிக்க முயன்றார். கிடைத்தது இண்டிகோவின் அமைப்பு அல்ல. இரண்டு ஆந்த்ரகுயினோன்கள் ஒரு நைட்ரஜன் வளையத்தால் பிணைந்த இண்டான்த்ரோன் என்ற நீலம். பருத்தியில் அதன் ஒளி உறுதி இண்டிகோவை வெகுவாக மிஞ்சியது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒளியையும் சலவையையும் இத்தனை உறுதியாகத் தாங்கும் இண்டான்த்ரோன், குளோரின் கலந்த வெளுப்பான் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து பச்சைச் சாயல் பெறுகிறது. மூலக்கூறில் இரண்டு குளோரின் அணுக்களைச் சேர்த்த வகையில் இக்குறை வெகுவாகக் குறைகிறது. எதற்குக் கெட்டி என்று சொல்லாமல் "கெட்டிச் சாயம்" என்று மட்டும் சொல்வது அரைகுறைத் தகவல். வேறு சில மஞ்சள், ஆரஞ்சு வாட் சாயங்கள் இன்னும் விபரீதமானவை: அவை தாம் வெளிறாமல், உறிஞ்சிய ஆற்றலைக் கொண்டு பருத்தி இழையையே சிதைக்கின்றன. நிறம் புதிதாகவே இருக்கும், துணி இற்றுப்போயிருக்கும்.

செயற்கை நிறப்பொருள்களில் எது மிக உறுதியானது?

ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் தாமிர தாலோசயனின் என்பேன். 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத்தில் இருந்த சாயத் தொழிற்சாலையில், தாலிக் அன்ஹைட்ரைடையும் அம்மோனியாவையும் வினைப்படுத்திய கலத்தின் எனாமல் பூச்சில் விரிசல் கண்டிருந்தது. உள்ளிருந்த இரும்பு வினையில் கலந்துகொள்ள, வெள்ளையாக இருக்க வேண்டிய பொருளில் கருநீல மாசு தோன்றியது. அதைக் கழித்துக் கொட்டாமல் ஆராய்ந்தார்கள். ரெஜினால்டு லின்ஸ்டெட் அதன் அமைப்பைக் கண்டறிந்து 1930-களின் முற்பகுதியில் வெளியிட்டார். இரும்புக்குப் பதில் தாமிரம் வைத்த வகை 1935-இல் விற்பனைக்கு வந்தது.

எட்டு கார்பனும் எட்டு நைட்ரஜனும் மாறி மாறி அமைந்த வளையம், நடுவில் ஓர் உலோக அயனி: இதுவே அதன் உட்கரு. 500 டிகிரி செல்சியஸ் அளவிலும் அது சிதையாமல் ஆவியாகிப் படிகமாகும். அடர் கந்தக அமிலத்தில் கரைத்துத் தண்ணீரில் ஊற்றினால் அதே நீலம் மாறாமல் வீழ்படிவாகத் திரும்ப வரும். நுண்துகளாக்குவதற்கு இம்முறையையே பயன்படுத்துகிறார்கள். பெரும்பாலான கரிமச் சாயங்கள் அந்த அமிலத்தில் கருகிப் போகும் என்பதை நினைத்தால் இதன் அருமை விளங்கும்.

சாயத்துக்கும் நிறமிக்கும் ஒளி உறுதியில் வேறுபாடு உண்டா?

உண்டு. சாயம் கரைந்து தனித்தனி மூலக்கூறாகப் பரவுகிறது. நிறமி கரையாத துகளாகவே இருக்கிறது. துகளின் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் சிதைந்தாலும் உள்ளே இருப்பவை ஒளியிலிருந்தும் ஆக்சிஜனிலிருந்தும் மறைந்திருக்கின்றன. 1958-இல் சந்தைக்கு வந்த குயினாக்ரிடோன் இதற்குத் தெளிவான சான்று: கரைசலில் வெளிர்ந்த நிறமுள்ள இம்மூலக்கூறு, படிகத்தில் அண்டை மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகி, அடர்ந்த சிவப்பாகவும் ஊதாவாகவும் மாறுகிறது. நிறமும் உறுதியும் படிகத்தின் கொடையே.

சாயங்களுக்கும் இது ஓரளவு பொருந்தும். அடர்த்தியாக ஏற்றிய நிறம் நீடிப்பதும் அதே சாயத்தின் வெளிர் நிறம் சீக்கிரம் வெளிறுவதும், இழைக்குள் மூலக்கூறுகள் திரள்வதையும் ஒட்டியவையே.

சலவையில் சாயம் இறங்காமல் இருக்க எந்தப் பிணைப்பு தேவை?

இது இழையைப் பொறுத்தது. கம்பளி, பட்டு, நைலான் ஆகியவற்றில் நேர்மின் தொகுதிகள் உள்ளதால் அமிலச் சாயங்கள் அயனிப் பிணைப்பால் ஒட்டுகின்றன. பாலியெஸ்டரில் ஒட்டுவதற்கு அத்தகைய தொகுதிகள் இல்லை. 130 டிகிரி செல்சியஸ் அளவில் அழுத்தத்தோடு சூடாக்கி, இழையின் சங்கிலிகள் தளரும்போது தண்ணீரில் எளிதில் கரையாத டிஸ்பர்ஸ் சாயத்தை உள்ளே கரையவிடுகிறார்கள். குளிர்ந்ததும் கதவு மூடிக்கொள்கிறது.

பருத்தியில்தான் சிக்கல் நீண்ட காலம் இருந்தது. டைரக்ட் சாயங்கள் நீண்ட தட்டையான வடிவத்தால் பருத்தி இழையின் மூலப்பொருளான செல்லுலோஸ் சங்கிலியோடு ஒட்டிக் கிடக்கின்றனவே தவிர, உறுதியான பிணைப்பு எதுவும் இல்லை. ராட்டீ, ஸ்டீஃபன் என்ற இருவர் 1954-இல் கண்டறிந்து, 1956-இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயங்கள் இந்த நிலையை மாற்றின. சாயத்தோடு குளோரின் தாங்கிய டிரையசின் வளையம் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். காரத்தில் செல்லுலோஸின் ஆக்சிஜன் அந்தக் குளோரினை வெளியேற்றி, அவ்விடத்தில் சகப்பிணைப்பால் சாயத்தைப் பற்றிக்கொள்கிறது. அதன் பின் சாயம் இழையின் உறுப்பாகவே ஆகிவிடுகிறது.

ரியாக்டிவ் சாயம் ஏற்றிய துணியும் முதல் சலவைகளில் சாயம் விடுகிறதே, ஏன்?

சாயத் தொட்டியில் செல்லுலோஸ் மட்டும் இல்லை, தண்ணீரும் இருக்கிறது. சாயத்தின் ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து, பற்றிக்கொள்ளும் கையை இழந்துவிடுகிறது. அந்தப் பங்கு வெறுமனே இழைக்குள் தங்கியிருக்கும். சாயமேற்றிய பின் கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சோப்புக் கரைசலால் அலசி, நீர் தெளியும்வரை கழுவி வெளியேற்ற வேண்டியது அதைத்தான். இந்த அலசலில் நேரமும் தண்ணீரும் மிச்சம் பிடித்தால், மீதி வேலை வாங்குபவரின் சலவை வாளியில் நடக்கிறது. சாயத்தின் மேல் பழி போடுவதற்கு முன் அலசலைச் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நிலைக்குமா?

ஏற்கெனவே சாயமேற்றிய பருத்தித் துணியில் நிலைக்காது. உப்புக்குச் சாயத் தொட்டியில் வேலை உண்டு. இழையும் சாயமும் இரண்டும் எதிர்மின் தன்மை கொண்டவை என்பதால், அவற்றின் விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவது அதன் பணி. அது பிணைப்பை உண்டாக்குவதில்லை. வினிகரின் அமிலம் கம்பளிக்கும் பட்டுக்கும் சாயமேற்றும்போது உதவும். பருத்தியில் ரியாக்டிவ் சாயத்துக்கு வேண்டியது நேரெதிரான காரம்.

படிகாரம் போன்ற உலோக உப்புகளை ஏன் சேர்க்கிறார்கள்?

உலோக அயனி ஒரு பக்கம் இழையையும் மறுபக்கம் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. மஞ்சிட்டி வேரில் உள்ள வகையைச் சேர்ந்த அலிசரின் சாயத்தில், அடுத்தடுத்து அமைந்த ஆக்சிஜன்கள் அலுமினியத்தை இடுக்கிபோல் கவ்வுகின்றன. படிகாரத்தோடு சிவப்பும் இரும்பு உப்போடு ஊதாவும் கிடைப்பது ஒரே சாயத்திலிருந்துதான். கிரேபவும் லீபர்மனும் 1868-இல் ஆய்வகத்தில் அலிசரினைத் தயாரித்தார்கள். தாவரத்திலிருந்து கிடைத்த சாயங்களில் செயற்கையாக உருவான முதல் சாயம் அது.

பிடிப்பைத் தவிர உலோகம் ஒளி உறுதியையும் கூட்டுவது உண்டு. அது சாயத்தின் எலக்ட்ரான் செறிவைத் தன் பக்கம் இழுத்து ஆக்சிஜனேற்றத்தைத் தணிக்கிறது, மூலக்கூறையும் பெரிதாக்குகிறது. குரோமியம் அல்லது கோபால்ட் சேர்ந்த அசோ சாயங்கள் கம்பளியில் பெயர்பெற்றது இதனால்தான். விலையாக நிறத்தின் பளபளப்பு சற்று மங்கும். கழிவுநீரில் குரோமியம் சேரும் பிரச்சினையும் கூட வரும்.

இயற்கைச் சாயங்கள் எல்லாம் வெளிறக்கூடியவையா?

இல்லை. இயற்கை, செயற்கை என்ற பிரிவு இங்கே எதையும் தீர்மானிப்பதில்லை, அமைப்பே தீர்மானிக்கிறது. அலிசரினும் இண்டிகோவும் தாவரத்திலிருந்து கிடைத்தவை. மஞ்சளின் குர்குமினும் தாவரப் பொருளே. ஆனால் அதன் இரு வளையங்களையும் இணைக்கும் சங்கிலி ஒளியில் எளிதில் அறுந்து, வனிலின் போன்ற நிறமற்ற துண்டுகளாகப் பிரிகிறது. மறுபுறம், ஆய்வகத்தில் பிறந்த, ஒரே கார்பனில் மூன்று வளையங்கள் இணைந்த டிரைஅரைல்மீத்தேன் சாயங்கள் கண்ணைப் பறிக்கும் ஊதாவும் பச்சையும் தந்தாலும் பருத்தியிலும் பட்டிலும் விரைவில் மங்குகின்றன.

ஒரே சாயம் வெவ்வேறு துணிகளில் வெவ்வேறு விதமாக வெளிறுவது ஏன்?

சாயம் சிதையும் பாதையை இழையும் சேர்ந்தே வகுக்கிறது. செல்லுலோஸில் பெரும்பாலும் ஆக்சிஜனேற்றமும், கம்பளி போன்ற புரத இழைகளில் பெரும்பாலும் ஒடுக்கமும் நிகழ்கின்றன. இண்டிகோ கம்பளியில் ஒளியை மிக நன்றாகத் தாங்கும். பருத்தியில் அதே சாயம் நடுத்தரமே. மேலே சொன்ன டிரைஅரைல்மீத்தேன் சாயங்கள் ஈரம் புகாத அக்ரிலிக் இழையில் எதிர்பாராத அளவு நீடிக்கின்றன.

பச்சைத் துணியோ ஊதாத் துணியோ நீலமாக மாறுவது ஏன்?

கலவையில் ஒரு சாயம் முந்திக்கொண்டு வெளிறிவிட்டது. வான் கோ 1888-இல் தீட்டிய தன் படுக்கையறை ஓவியத்தின் சுவர்களை வெளிர் ஊதா என்றே கடிதத்தில் குறிப்பிட்டார். சிவப்பு மங்கியதால் இன்று அச்சுவர்கள் நீலமாகக் காட்சியளிக்கின்றன. சில கலவைகளில் இன்னும் நுட்பமான கேடு நிகழ்கிறது: ஒரு சாயம் உறிஞ்சிய ஆற்றலால் ஆக்சிஜனைத் தூண்டிவிட, அதன் பக்கத்தில் இருக்கும் மற்றொரு சாயம் தாக்குண்டு அழிகிறது. தனித்தனியே சோதித்தபோது தேறிய இரண்டு சாயங்கள் சேர்ந்தபோது தோற்பதற்கு இதுவே காரணம். ஆதலால் கலவை நிறத்தைக் கலவையாகவே சோதிக்க வேண்டும்.

ஒளி உறுதியை எப்படி அளக்கிறார்கள்?

நீலக் கம்பளி அளவுகோலால். எட்டு வெவ்வேறு நீலச் சாயங்கள் ஏற்றிய எட்டுக் கம்பளிப் பட்டைகளைச் சோதனைத் துணியோடு வைத்து, எல்லாவற்றிலும் ஒரு பாதியை மூடி, செனான் விளக்கின் ஒளியில் காட்டுகிறார்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் இடையே கோடு தெரியத் தொடங்கும்போது, எந்தப் பட்டையோடு ஒத்துப்போகிறது என்று பார்த்து 1 முதல் 8 வரை எண் தருகிறார்கள். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஏறத்தாழ இருமடங்கு நேரம் தாங்கும். 4-க்கும் 6-க்கும் உள்ள இடைவெளி இரண்டு எண் அல்ல, சுமார் நான்கு மடங்கு ஆயுள்.

சலவை, உரசல், வியர்வை ஆகியவற்றுக்கான அளவுகோல் 1 முதல் 5 வரை மட்டுமே. இதைக் கவனிக்காமல் ஏமாறுபவர் பலர்: சலவைக்கு 5 என்பது உச்சம், ஒளிக்கு 5 என்பது நடுத்தரம். எண்ணைப் பார்க்கும்போது எதற்கான எண் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தால் வெளிறாதா?

வெளிறும். சாதாரணக் கண்ணாடி 320 நானோமீட்டருக்குக் கீழுள்ள கதிர்களைப் பெரும்பாலும் தடுக்கிறது. அதற்கு மேலுள்ள புற ஊதாவும் கட்புல ஒளியும் உள்ளே வருகின்றன. அருங்காட்சியகங்கள் பழந்துணிகளுக்கு 50 லக்ஸ் (ஒளியின் செறிவை அளக்கும் அலகு) அளவு மங்கிய ஒளியே போதும் என்று வைத்திருப்பது, புற ஊதாவை வடிகட்டிய பின்னும் சேதம் தொடர்வதால்தான். ஒளியின் அளவையும் நேரத்தையும் பெருக்கி வரும் தொகையே சேதத்தைத் தீர்மானிக்கிறது.

ஒளிரும் நிறங்கள் ஏன் சீக்கிரம் மங்குகின்றன?

ஒளியைத் திருப்பி உமிழ வேண்டுமானால் மூலக்கூறு கிளர்வுற்ற நிலையில் சில நானோநொடிகளாவது காத்திருக்க வேண்டும். இண்டிகோ தவிர்க்கும் அதே காத்திருப்பு இது. அந்த இடைவெளியில் வினைகள் புகுந்துவிடுகின்றன.

வெளிறிய நிறத்தை மீட்க முடியுமா?

மூலக்கூறு சிதைந்திருந்தால் முடியாது. மீண்டும் சாயமேற்றுவதே வழி. ஆனால் மங்கியதாகத் தோன்றும் எல்லாத் துணியிலும் சாயம் அழிந்திருப்பதில்லை. உரசலால் இழைகள் பிசிர் எழும்பி ஒளியைச் சிதறடிக்கும்போது அடர் கறுப்பும் சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். செல்லுலேஸ் நொதியால் அப்பிசிரை நீக்கினால் உள்ளிருந்த நிறம் பழையபடி தெரிகிறது. கடின நீரின் சுண்ணாம்புப் படிவும் இதே தோற்றத்தைத் தரலாம். துணியின் தையல் மடிப்பைப் பிரித்து, வெயிலும் உரசலும் படாத உட்பகுதியை வெளிப்பகுதியோடு ஒப்பிட்டு, ஒரு உருப்பெருக்கியால் இழைகளைப் பார்த்தால் நடந்தது எது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.